பத்தில் ஆறு முறை வென்றும் முதல் கரைவது ஏன்?
(சராசரி லாபமும் ஏற்ற இறக்கமும்: வணிகருக்கு ஒரு கணக்குப் பாடம்)



சீட்டாட்டத்துக்கும் வணிகர் சங்க இதழுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் நம் கடைத்தெருப் பிள்ளைகள் கைப்பேசியில் ரம்மி, போக்கர் என்று ஆடிப் பணம் விட்ட கதைகளை நாம் நிறையக் கேட்டுவிட்டோம். கண்ணை மூடிக்கொண்டு ஆடிக் கெட்டவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நன்றாக ஆடத் தெரிந்து, நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதி, சராசரியில் உண்மையாகவே லாபத்தில் இருந்தும் முதலைத் தொலைத்த பிள்ளைகளும் உண்டு. அவர்கள் தடுக்கி விழுந்த இடமும், நல்ல வியாபாரம் நடந்த கடை ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிடும் இடமும் ஒன்றே. அதனால்தான் இந்தப் பாடம்.

நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் குடும்பத்துப் பிள்ளை, பட்டம் படித்தவர், போக்கரையே தொழிலாகக் கொண்டிருந்தார். கையில் 40,000 ரூபாய் முதல். வீட்டுக்கு மாதம் 20,000 கொடுத்துவிடுவார். முதல் எட்டு மாதம் சராசரி 25,000 ரூபாய் வென்றார். அடுத்த நான்கு மாதத்தில் ஒரு மாதம் ஏறி, ஒரு மாதம் இறங்கி, கூட்டிக் கழித்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பன்னிரண்டாம் மாதக் கடைசியில் முதல் சுத்தமாகக் காலி. பிறகு பருப்பு மண்டிக்குக் கட்ட அப்பா எடுத்து வைத்திருந்த பணத்தில் கை வைத்தார். அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டாம். "கணக்கைப் பாருங்க மாமா, எங்கே தப்புன்னு சொல்லுங்க" என்று நோட்டை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். நோட்டில் கூட்டல் தப்பு ஒன்றுமில்லை. ஓராண்டில் ஆட்டத்தில் வென்றது 2,00,000. வீட்டுக்குக் கொடுத்தது 2,40,000. மீதி 40,000 முதலிலிருந்து போயிற்று. ஓராண்டில் இரண்டு லட்சம் வென்றவர் ஓட்டாண்டி ஆனார் என்றால் கேட்பவருக்கு விந்தையாக இருக்கும். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

ஆட்டத்தின் கணக்கு

போக்கர் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 52 சீட்டுக் கட்டில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கொடுப்பார்கள். மேசை மேல் ஐந்து சீட்டு படிப்படியாகத் திறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், விலகலாம். எதிராளியின் கையில் என்ன இருக்கும் என்று ஊகிப்பதும், எப்போது விலகுவது என்று தெரிவதும்தான் திறமை. ஆனால் அடுத்து எந்தச் சீட்டு திறக்கும் என்பது எவன் கையிலும் இல்லை.

இதைத் தொழிலாக ஆடுகிறவர்கள் இரண்டு எண்களை வைத்திருப்பார்கள். ஒன்று, நூறு ஆட்டத்துக்குச் சராசரியாக எவ்வளவு வெல்கிறோம் என்பது. மற்றது, அந்தச் சராசரியைச் சுற்றி வரவு எவ்வளவு தூரம் மேலும் கீழும் ஆடுகிறது என்பது. இரண்டாவதை நாம் 'வீச்சு' என்று சொல்லிக்கொள்வோம். மூன்றில் இரண்டு முறை வரவு, சராசரிக்கு மேலே ஒரு வீச்சு, கீழே ஒரு வீச்சு என்ற எல்லைக்குள் விழும் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

பத்து ரூபாய் கட்டாயப் பந்தயம் உள்ள மேசை என்று வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரர் ஒருவர் நூறு ஆட்டத்துக்கு 50 ரூபாய் வெல்வார். அதே நூறு ஆட்டத்தின் வீச்சு 900 ரூபாய்! சராசரி 50, வீச்சு 900. ஒரு நாள், இரண்டு நாள் ஆட்டத்தை வைத்து அவர் கெட்டிக்காரரா மண்ணாங்கட்டியா என்று யாராலும் சொல்ல முடியாது. 10,000 ஆட்டம் ஆடிய பிறகும் அந்தக் கெட்டிக்காரர் நஷ்டத்தில் நிற்பதற்கு நூற்றில் முப்பது வரை வாய்ப்பு இருக்கிறது.

இணையத்தில் ஒரே நேரத்தில் நான்கு மேசை திறந்து வைத்து மணிக்கு 250 ஆட்டம் ஆடினார்கள். நாளுக்கு எட்டு மணி, மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 50,000 ஆட்டம். மாதச் சராசரி 25,000 ரூபாய், மாத வீச்சு ஏறத்தாழ 20,000 ரூபாய். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டம் 500 மடங்கு ஆனபோது சராசரியும் 500 மடங்கு ஆயிற்று. வீச்சோ இருபத்திரண்டு மடங்குதான் ஆயிற்று. எண்ணிக்கை பெருகப் பெருக, சராசரிக்குப் பக்கத்தில் வீச்சு சிறுத்துக்கொண்டே போகும். சில்லறைக் கடைக்காரர் நாளுக்கு முன்னூறு பேருக்கு விற்பதிலும், மொத்த வியாபாரி மாதம் நான்கு லாரிச் சரக்கு இறக்குவதிலும் உள்ள வேறுபாடு இதுதான். லாரிக்காரர் லாபம் பெரிதாகத் தெரிந்தாலும் தூக்கம் சில்லறைக்காரருக்குத்தான் அதிகம்.

வீட்டுச் செலவு என்னும் பள்ளம்

மேலே சொன்ன கெட்டிக்காரர் 40,000 முதலோடு ஆடுகிறார், வீட்டுக்கு ஒரு பைசா எடுப்பதில்லை என்றால், என்றாவது ஒரு நாள் முதல் முழுவதும் போகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏழு. அதே ஆள், அதே திறமை, அதே 40,000. மாதம் 20,000 வீட்டுக்கு எடுக்கிறார். இப்போது முதல் போகும் வாய்ப்பு நூற்றில் முப்பத்தேழு! ஆட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. மீதி சராசரி 25,000லிருந்து 5,000 ஆகிவிட்டது, வீச்சு மட்டும் 20,000லேயே நிற்கிறது.

இன்னும் ஒரு படி போவோம். சராசரி 25,000 வருகிறதே என்று 25,000ஐயும் வீட்டுக்கு எடுத்தால்? முதல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு நாள் அது போயே தீரும். நாள் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். நம்மில் பலருக்கு இது எளிதில் விளங்குவதில்லை. "வருகிற லாபத்தைத்தானே சாப்பிடுகிறேன், முதலைத் தொடவில்லையே" என்பார்கள். நல்ல மாதத்தில் மிஞ்சுவதும், கெட்ட மாதத்தில் குறைவதும் நீண்ட காலத்தில் சமன் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். சமன் ஆவதற்குள் கெட்ட மாதங்கள் சில வரிசையாக வந்தால் கடை மூடப்படும். மூடிய கடைக்கு அதன் பிறகு வரும் நல்ல மாதத்தால் பயனில்லை.

கணிதம் படித்தவர்கள் இதற்கு ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். நாமே காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடியதுதான். மாத வீச்சை அதே எண்ணால் பெருக்க வேண்டும். வீட்டுச் செலவு போக மிஞ்சும் மாதச் சராசரியால் அதை வகுக்க வேண்டும். வருவதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். அவ்வளவு முதல் கையில் இருந்தால், முழுகிப்போகும் வாய்ப்பு இருபதில் ஒன்று என்ற அளவில் நிற்கும். நம் பிள்ளையின் கணக்கில் 20,000ஐ 20,000ஆல் பெருக்கி, 5,000ஆல் வகுத்து, ஒன்றரையால் பெருக்கினால் 1,20,000 வருகிறது. அவரிடம் இருந்தது 40,000.

அப்படியானால் துணிந்து ஆடுவதா, அடக்கி ஆடுவதா? துணிந்து ஆடினால் சராசரி 28,000 ஆகலாம், வீச்சும் 30,000 ஆகும். வாய்பாட்டில் போட்டால் 1,68,750 ரூபாய் முதல் வேண்டும். மாதம் 3,000 ரூபாய் கூடுதல் வரவுக்காக அரை லட்சம் கூடுதல் முதல். சரி, பயந்து பயந்து ஆடுவோம் என்றால் வீச்சு 14,000ஆகக் குறையலாம், சராசரியும் 22,000 ஆகிவிடும். வீட்டுக்கு 20,000 போக மிஞ்சுவது 2,000தான். வாய்பாடு 1,47,000 கேட்கிறது. அதாவது, ஒரு அளவுக்கு மேல் பயந்தாலும் ஆபத்துதான். மிஞ்சுவது மெலிந்துவிட்டால் சின்னக் காற்றுக்கே விளக்கு அணைந்துவிடும். வேகமாக ஓடும் சரக்கை மட்டும் ஒரு ரூபாய் லாபத்துக்கு விற்று "நமக்கு ரிஸ்க்கே இல்லை" என்று சொல்லும் கடைக்காரர் இந்த மூன்றாவது ஆட்டக்காரர் போன்றவர். நடு ஆட்டக்காரருக்குத்தான் எல்லாரையும்விடக் குறைந்த முதல் போதுமானதாக இருக்கிறது.

சட்டமும் வரியும்

"போக்கர் திறமை ஆட்டம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் அட்டவணையில் சேர்த்திருந்தது. 9-11-2023 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, அந்த அட்டவணையை ரத்து செய்தது உண்மைதான். ஆனால் திறமை என்பது சராசரியை உயர்த்துமே தவிர வீச்சை ஒழிக்காது. நீதிமன்றம் தீர்ப்பளித்தது ஆட்டத்தின் தன்மையைப் பற்றி. அதை வைத்துக் குடும்பம் நடத்தலாமா என்பது அங்கே போன வழக்கல்ல.

மேசை நடத்துபவர் ஒவ்வொரு பானையிலும் தரகு எடுத்துக்கொள்வார். ஆகவே ஆடுபவர் எல்லாரையும் கூட்டினால் மொத்தத்தில் நஷ்டம்தான். பெரும்பாலோர் இழந்தால்தான் சிலர் வெல்ல முடியும். 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றிப் பணத்தில் 30 விழுக்காடு வரிப் பிடித்தமும் வந்தது. ஓராண்டு வென்றதற்கு வரி உண்டு. அடுத்த ஆண்டு இழந்தால் அதைக் காட்டி ஈடு செய்துகொள்ள வழியில்லை. முடிவில், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையே நாடு முழுவதும் தடை செய்தது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை சொல்லப்படவில்லை. இனி வெளிநாட்டுக் கள்ள மேசையில் ஆடுபவர், வென்றாலும் பணம் கைக்கு வருமா என்பதையே தனி ஆபத்தாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தை இத்தோடு விட்டு நம் கடைக்கு வருவோம்.

பத்தில் ஆறு

ஒரு லட்சம் முதலோடு ஒருவர் சரக்குப் பிடித்து வைத்து விற்கிறார். பத்து முறையில் ஆறு முறை அவர் கணிப்புச் சரியாகிறது, நான்கு முறை தப்புகிறது. சரியானால் போட்ட பணம் இரட்டிப்பாகும், தப்பினால் போட்டது போகும் என்று கணக்குக்காகக் கொஞ்சம் மிகையாகவே வைத்துக்கொள்வோம். பத்தில் ஆறு என்பது மிக நல்ல கணிப்பு. நம் மண்டித் தெருவில் அப்படிப்பட்டவரை நான்கு பேர் யோசனை கேட்டு வருவார்கள்.

இவர் ஒவ்வொரு முறையும் கையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கைப் போட்டால், பத்து முறை முடிந்து ஆறு வென்று நான்கு தோற்றபின் கையில் 1,22,300 ரூபாய் இருக்கும். ஐந்தில் இரண்டு பங்கு போட்டால் 97,600. பாதி போட்டால் 71,200! ஆறு வெற்றி, நான்கு தோல்வி என்பது மூன்று கணக்கிலும் அதேதான். எந்த வரிசையில் வந்தாலும் விடை மாறாது. சந்தேகம் இருப்பவர்கள் கால்குலேட்டரில் ஒன்றரையை ஆறு முறையும் அரையை நான்கு முறையும் பெருக்கிப் பார்க்கலாம். பாதி இழந்தவன் பழைய நிலைக்கு வர நூற்றுக்கு நூறு லாபம் வேண்டும் என்பதில்தான் இந்தச் சூட்சுமம் இருக்கிறது. அகலக்கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னபோது எத்தனை அகலம் என்று சொல்லவில்லை. கணக்கு சொல்கிறது.

துவரம்பருப்பை நினைத்துப் பாருங்கள். 2015 அக்டோபரில் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டது. இன்னும் ஏறும் என்று கடன் வாங்கிச் சிப்பம் அடுக்கியவர்கள் எத்தனை பேர்! அந்த மாதமே மத்திய அரசு கையிருப்பு வரம்பை இறுக்கியது, பல மாநிலங்களில் கிடங்குச் சோதனை நடந்தது. விலை நன்றாக இருந்ததைப் பார்த்து விவசாயிகள் துவரையை அதிகம் விதைத்தார்கள், மழையும் கைகொடுத்தது. 2015-16ல் ஏறத்தாழ 25 லட்சம் டன்னாக இருந்த நாட்டு விளைச்சல் 2016-17ல் 48 லட்சம் டன் ஆயிற்று. குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்று அரசு அறிவித்த ஆதரவு விலைக்கும் கீழே பல சந்தைகளில் துவரை விற்றது. 2017ல் பருப்பின் சில்லறை விலை நூறு ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது.

பாமாயிலில் இது இன்னும் வேகமாக நடந்தது. 2022 மார்ச்சில் மலேசியச் சந்தையில் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியது. எண்ணெயே கிடைக்காது என்ற பேச்சில் நம் ஊர்க் கடைகளிலும் டின் டின்னாக இறக்கினார்கள். மே 23 அன்று தடை விலக்கப்பட்டது. ஜூலையில் விலை 4,000 ரிங்கிட்டுக்குக் கீழே. இருபத்தைந்து நாள் தடையை நம்பி முதல் முழுவதையும் போட்டவருக்கும், ஐந்தில் ஒரு பங்கு போட்டவருக்கும் கணிப்பு ஒன்றேதான். இருவரும் தப்பாகக் கணித்தார்கள். ஆனால் ஒருவர் அடுத்த தீபாவளிக்கும் சரக்குப் பிடித்தார்.

கப்பல் வியாபாரியின் கணக்கு

இதை முதன்முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர் டேனியல் பெர்னூலி என்ற சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர். 1738ல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழக வெளியீட்டில் வந்த அவர் கட்டுரையில் சூதாட்டமும் உண்டு, வியாபாரியும் உண்டு. ஒரு வியாபாரி ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்குகிறார். பீட்டர்ஸ்பர்க்கில் அது 10,000 ரூபிளுக்குப் போகும். அந்த வழியில் நூறு கப்பலில் ஐந்து மூழ்குகிறது. காப்பீட்டுக்கு 800 ரூபிள் கேட்கிறார்கள். சராசரிக் கணக்கில் இழப்பு 500 ரூபிள்தான். ஆகவே 800 கொடுப்பது வீண் என்று தோன்றும். பெர்னூலி வேறு கேள்வி கேட்டார்: இந்தச் சரக்கைத் தவிர வியாபாரியிடம் வேறு எவ்வளவு சொத்து இருக்கிறது? அவர் கணக்குப்படி 5,043 ரூபிளுக்கு மேல் இருந்தால்தான் காப்பீடு இல்லாமல் கப்பல் அனுப்பலாம். அதற்குக் குறைந்தவர் அந்த அதிக விலையைக் கொடுத்தே காப்பீடு எடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு பொறுப்பேற்பவரிடமோ 14,243 ரூபிளாவது இருக்க வேண்டும். ஒரே ஆபத்து ஒருவருக்கு விற்கத்தக்க சுமை, இன்னொருவருக்கு வாங்கத்தக்க வியாபாரம்! எது என்பதை முதல்தான் தீர்மானிக்கிறது.

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கு. ஊரில் 4,000 டூகாட் சொத்து, கடலுக்கு அப்பால் 8,000 டூகாட் சரக்கு. பத்துக் கப்பலில் ஒன்று மூழ்கும். எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றினாலும், இரண்டில் பாதி பாதியாக ஏற்றினாலும் சராசரி 7,200தான். ஆனால் பெர்னூலியின் மதிப்பில் ஒரே கப்பல் சரக்கு 6,751 டூகாட், இரண்டு கப்பல் சரக்கு 7,033 டூகாட். சரக்கையும் கூட்டவில்லை, விலையையும் கூட்டவில்லை. பிரித்து ஏற்றியதாலேயே 282 டூகாட் மதிப்பு கூடிற்று.

இங்கே ஆரணிக்காரருக்கு ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. இரண்டு கப்பலும் ஒரே புயலில் சிக்காது என்றால்தான் மேலே சொன்ன கணக்கு செல்லும். நம் ஊர் மளிகைக் கடையில் இருநூறு கடன் கணக்கு இருந்தால், இருநூறு கப்பல் என்று நினைத்து நாம் தெம்பாக இருக்கிறோம். ஆனால் அந்த இருநூறு வீட்டில் பாதிக்கு மேல் தறி வீடு. கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூல் விலை ஏறினால், கல்யாண சீசன் படுத்தால், எல்லா வீட்டிலும் ஒரே மாதத்தில் கூலி குறையும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து கல்யாணங்கள் நின்றபோது தறியும் நின்றது, கடன் நோட்டில் ஒரு பக்கம்கூட வசூலாகவில்லை. இருநூறு கணக்கும் ஒரே கப்பலில் இருந்தன. அரிசி ஆலைக் கூலியாட்கள், பள்ளி ஆசிரியர்கள், சுற்றுக் கிராமத்து விவசாயிகள் என்று வேறு வேறு இடத்திலிருந்து வரவு வரும் வாடிக்கையாளர் கலந்திருந்த கடைகள் அப்போது சற்றுத் தாக்குப்பிடித்தன. கடன் கொடுக்கும்போது ஆளின் நாணயத்தை மட்டும் பார்க்கிறோம். அவர் வருமானம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அதே பக்கத்தை நம்பி நாம் ஏற்கெனவே எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் பேரேட்டில் போட்டுப் பாருங்கள்

ஒரு கடையின் ஆறு மாத மிச்சம், வீட்டுச் செலவு, வாடகை, வட்டி எல்லாம் போக, ஆயிரக் கணக்கில் இப்படி என்று கொள்வோம்: 30, 10, 50, நஷ்டம் 20, 40, 10. கூட்டினால் 120, சராசரி 20. ஒவ்வொரு மாதமும் சராசரிக்கு எவ்வளவு விலகியது? 10, 10, 30, 40, 20, 10. ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 3,200. மாத எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, 5ஆல் வகுத்தால் 640. வாய்பாட்டுக்கு வேண்டிய வீச்சின் பெருக்கம் இதுவே, வர்க்கமூலம் எடுக்கும் வேலை இல்லை. 640ஐச் சராசரி 20ஆல் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் 48. அதாவது 48,000 ரூபாய் கடனில்லாத கைமுதல் போதும்.

ஏழாவது மாதத்தில் பருப்பிலோ எண்ணெயிலோ ஒரு லட்சம் ரூபாய் போகிறது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சராசரி மூவாயிரத்துக்கும் கீழே இறங்கிவிடும். மறுபடி கணக்கைப் போட்டால் வேண்டிய கைமுதல் 13,60,000 ரூபாய்! ஒரே மாதம் 48,000ஐ இங்கே கொண்டுவந்து விடுகிறது. ஆகவே ஆறு மாதக் கணக்கை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. குறைந்தது மூன்று ஆண்டுக் கணக்கை எடுங்கள். அதில் உங்கள் கடை கண்ட மிக மோசமான மாதம் கட்டாயம் இருக்கட்டும். அந்த மூன்றாண்டில் அப்படி ஒன்று வரவில்லை என்றால், பழைய பேரேட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பிள்ளைக்கும் முதல் எட்டு மாதம் நல்ல காலமாக அமைந்ததால், தன் சராசரி 25,000 என்று நம்பிவிட்டார். ஓராண்டுக் கணக்கில் பார்த்தால் அது 17,000ஐக்கூட எட்டவில்லை.

வட்டிக்கு வாங்கிய பணத்தை இந்தக் கைமுதலில் சேர்க்கக் கூடாது. நூற்றுக்கு இரண்டு வட்டி என்பது சீட்டு மேசைத் தரகு போல, மழையானாலும் வெயிலானாலும் சராசரியில் கடித்துக்கொண்டே இருக்கும். அதோடு, கடன் கொடுத்தவர் கேட்பது எப்போதும் நம் கெட்ட மாதத்தில்தான். மண்டிக்காரர்களாகிய நாமும் அப்படித்தான் செய்கிறோம். கடை ஆட்டம் காண்கிறது என்று காதில் விழுந்ததும் முதலில் ஆள் அனுப்புவது நாம்தான்.

வீட்டுக்கு எடுக்கும் தொகையை நல்ல மாதத்துக்கு ஒன்று, கெட்ட மாதத்துக்கு ஒன்று என்று மாற்றாமல், மூன்றாண்டுச் சராசரியில் பாதியையோ அறுபது விழுக்காட்டையோ மாதச் சம்பளம் போல ஒரே அளவாக வையுங்கள். மிச்சம் கடையிலேயே நிற்கட்டும், ஆனால் கல்லாவில் வேண்டாம், சரக்காகவும் வேண்டாம். தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். சரக்குப் பிடித்து வைக்கும் ஆசை வந்தால் ஒரே பண்டத்தில் கைமுதலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். பத்தில் ஆறு சரியாகக் கணிப்பவருக்கே அந்த அளவுதான் உச்சம். நம்மில் பெரும்பாலோர் பத்தில் ஐந்தரைக்காரர்கள். அவர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். கிடங்குக்குத் தீ, வெள்ளக் காப்பீடு இல்லாதவர்கள் பெர்னூலியின் கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: இந்தச் சரக்கு முழுவதும் ஒரே இரவில் போனால், வெளியே நம்மிடம் என்ன இருக்கிறது?

தை முதல் மார்கழி வரை மாதவாரி மிச்சத்தை ஒரே தாளில் எழுதிப் பழக்கமில்லாதவர்கள் நாள்வழியிலிருந்து அதை எடுக்க இரண்டு மாலை நேரம் ஆகும். ஆடி மாதம் கடையில் கூட்டம் குறைந்திருக்கும்போது உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.